முதல் ரெண்டு நிமிஷம், கடைசி ரெண்டு நிமிஷம்

"எல்லாந்தான் யூடியூப்ல இருக்கே, பாத்துக் கத்துக்க வேண்டியதுதானே?" ஆடியோ மென்பொருளில் ஒரு சிக்கல் என்று யாரிடமாவது வாயைத் திறந்தால் முதலில் வருகிற பதில் இதுதான். சொல்கிறவர்கள் தட்டிக் கழிப்பதற்காகச் சொல்வதில்லை. அவர்களில் பலர் அப்படித்தான் கற்றுக்கொண்டு மேலே வந்திருக்கிறார்கள். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி வந்ததுதான். கென்னி ஜியோயா பொறுமையாகப் போட்டு வைத்திருக்கும் வீடியோக்கள் இல்லாவிட்டால், ஒரு ட்ராக்கை இன்னொன்றுக்குள் அனுப்புவது எப்படி என்பதே எனக்குப் பிடிபட்டிருக்காது. ஆனாலும் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு, கூத்து ரெக்கார்டிங் என்ற வேலையை எடுத்துச் செய்கிறவனுக்கு அது ஏன் போதவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் பிழைப்பு டிடிபி, ஜெராக்ஸ் கடை. கூத்து, பெரியப்பா வழியாக வந்தது. அவர் எங்கள் பக்கத்து செட்டு ஒன்றில் ஆர்மோனியம் வாசித்தவர். பெரியப்பா போன பிறகும் அந்த செட்டோடு உறவு விட்டுப்போகவில்லை. இப்போது செட்டை நடத்தும் வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. எந்த நோட்டிலும் எழுதி வைக்காத விருத்தங்களும் தரு என்கிற கூத்துப் பாட்டுகளும் அவர் தொண்டையில்தான் இருக்கின்றன. புதிதாக வேஷம் கட்ட வரும் பையன்கள் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டு பாடம் செய்கிறார்கள். அதில் காற்று இரைச்சலும் கூட்டத்தின் பேச்சும்தான் கேட்கும், கந்தார்த்தப் பாட்டின் சொல் ஒன்றும் பிடிபடாது. "நீ கம்ப்யூட்டர் வெச்சிருக்கியே, நல்லா பதிஞ்சு குடேன்ப்பா" என்று வாத்தியார் ஒருநாள் கடைக்கு வந்து கேட்டார். அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது.

விடிய விடிய ஓடும் ரெக்கார்டர்

எங்கள் மாவட்டத்தில் பாரதம் வைக்கிற ஊர்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. ரெக்கார்டிங் செய்கிறவனுக்கு இதில் கஷ்டமான விஷயம் ஒன்றுதான், நீளம். ராத்திரி பத்து மணிக்குமேல் களரி கட்டினால் விடிந்த பிறகுதான் முடியும். நான் ரெண்டு கையடக்க ரெக்கார்டர் வைப்பேன். ஒன்று மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து வரும் லைனில் இருக்கும். நடுவில் தொங்கும் மைக்கில் விழும் வேஷக்காரர்களின் குரல் அதில் சுத்தமாக வரும். இன்னொன்றைப் பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு முன்னால் சின்ன ஸ்டாண்டில் வைப்பேன். அதில் மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை என்கிற சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுகுழல், தாளம். ரெண்டையும் பிறகு ரீப்பரில் ஒன்றாகப் போட்டால் குரலும் வாத்தியமும் தனித்தனியாகக் கைக்குக் கிடைக்கும், வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கலாம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்தால் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் பிடிக்கும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, அதாவது நாலு மணி நேரம் சொச்சம். பல ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். விடிந்ததும் கார்டில் துண்டு துண்டாகத்தான் இருக்கும். அதை வரிசையாக ஒட்டிக்கொள்வது சுலபம். கட்டியங்காரன் வரும் இடத்தில் ஜால்ரா அடிக்கும் முதல் அடி, அலை வடிவத்தில் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். ரெண்டு ட்ராக்கிலும் அந்த ஊசியைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒன்றின்மேல் ஒன்று வருகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அப்படித்தான் நினைத்திருந்தேன். பென்னாகரம் பக்கம் ஒரு கூத்தில் எடுத்ததைக் கேட்கிறபோது, முதல் மணி நேரம் வரைக்கும் ரெண்டும் பிசகாமல் போனது. நடுராத்திரிக்குமேல் தாளத்தில் பெரிய கூடத்துக்குள் கேட்கிற மாதிரி ஒரு எதிரொலி வந்தது. விடியற்காலையில் கர்ணன் போருக்குக் கிளம்ப, பொன்னுருவி வழிமறித்து அழும் இடம். வாத்தியாரின் பாட்டு ஒரு பக்கம் போகிறது, மிருதங்கம் ஒரு செகண்டுக்கு மேல் பின்தங்கித் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறது. தொங்கு மைக்கிலும் மிருதங்கம் லேசாக விழுந்திருந்ததால் ஒவ்வொரு அடியும் ரெண்டு முறை கேட்டது. அந்த ராத்திரியில் வாத்தியார் பாடிய மாதிரி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த இடம்தான் கேட்கவே முடியாமல் கிடந்தது.

கிடைத்த பதில்கள்

தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரின் நண்பர், சினிமா பாட்டுக்கு ப்ரோகிராமிங் செய்யும் ஒருவர், ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பவர். ஒருத்தரும் முகம் கொடுக்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தாங்கள் செய்யும் வேலையிலிருந்து பதில் சொன்னார்கள்.

முதல் பதில், "டெம்போ செட் பண்ணிட்டு, க்ளிக் போட்டு வாசிக்கச் சொல்லுங்க, எல்லாம் க்ரிட்ல உக்காந்துடும்." க்ளிக் என்பது ஒரே வேகத்தில் காதில் டிக் டிக்கென்று அடிக்கும் தாளச் சத்தம். ரீப்பரில் புது ப்ராஜெக்ட் திறந்தால் 120 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 120 அடி, நாலுக்கு நாலு என்றுதான் நிற்கும். கூத்தில் ஒரு தரு தொடங்கும் வேகம் ஒன்று, வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கியதும் அது எகிறும் வேகம் வேறு. மிருதங்கக்காரர் பார்ப்பது அவர் காலைத்தான். அவர் காதில் ஹெட்போனை மாட்டி க்ளிக் கேட்கச் சொன்னால் கூத்தே நின்றுபோகும். ரெண்டாவது பதில், "மைக் தூரத்துல இருந்திருக்கும், சத்தம் வந்து சேர நேரமாகும்." இதில் பாதி நியாயம் இருக்கிறது. சத்தம் செகண்டுக்குக் கிட்டத்தட்ட 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி மைக் இருந்தால் 29 மில்லி செகண்டு தாமதம் வரத்தான் செய்யும். ஆனால் ஒரு செகண்டுக்குமேல் பின்தங்க வேண்டுமானால் பெஞ்சு அடுத்த தெருவுக்கும் அப்பால் இருந்திருக்க வேண்டும். தவிர, தூரம் ராத்திரி ஆக ஆகக் கூடாதே. இந்தத் தாமதம் கூடிக்கொண்டே போனது. மூன்றாமவர் ரெண்டு ட்ராக்கையும் தானாகச் சேர்க்கும் ஒரு ப்ளக்இன், அதாவது மென்பொருளோடு சேர்த்துப் போடும் துணைக் கருவியின் பெயரைச் சொல்லி வாங்கச் சொன்னார்.

இதற்கு நடுவில் ஆன்லைன் வகுப்பு ஒன்றிலும் பணம் கட்டிச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. முதல் வகுப்பில் கிக், ஸ்நேர் என்று டிரம் சத்தங்களை அடுக்குவது, ரெண்டாவதில் பேஸ் லைன். என் பிரச்சினையைச் சொன்னபோது, "மிக்சிங் நாலாவது மாசம் வரும், அப்ப பாக்கலாம்" என்றார். அவர் கண்ணுக்கு எல்லா மாணவர்களும் ஒரே பாட்டைச் செய்ய வந்தவர்கள். நாலு நிமிஷப் பாட்டு, ஒரே வேகம், ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர். அந்தப் பாட்டைச் செய்ய வேண்டியவனுக்கு அது நல்ல வகுப்புதான், இப்போதும் அப்படியே சொல்வேன். எனக்கு வருத்தமெல்லாம், "உங்க ரெக்கார்டிங்கை ஒரு தடவை கேக்கலாமா?" என்று அந்த நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்பதுதான்.

"எவ்ளோ நேரம் ஓடுச்சுங்ணா?"

கடைசியில் வழி காட்டியது மைக்செட்காரர். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் நம்பரைக் கொடுத்தார். காரிமங்கலம் பக்கத்துப் பையன். வேலை முடிந்து ரூமுக்குப் போனால் மாரியம்மன் பாட்டுகளுக்கும் பம்பைக் குழுக்களுக்கும் மிக்சிங் செய்து கொடுக்கிறவன். ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் போனை எடுத்தான். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எவ்ளோ நேரம் ஓடுச்சுங்ணா?"

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. ஏழரை மணி நேரம் என்றேன். "ரெண்டும் வேற வேற ரெக்கார்டரா, இல்ல ஒரே மெஷினா?" வேறு வேறு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்னு பண்ணுங்ணா. ஆரம்பத்துல ஒட்டி வெச்சிருக்கீங்கல்ல, அதைக் கலைக்காதீங்க. ரெண்டு ட்ராக்லயும் முதல் ரெண்டு நிமிஷம், கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் வெட்டி அனுப்புங்க. ஸ்க்ரீன்ஷாட் வேணாம். வாட்ஸ்அப்ல ஆடியோவா போடாதீங்க, டாக்குமெண்டா போடுங்க, இல்லன்னா அது சத்தத்தைக் கெடுத்துடும்" என்றான். நாலு துண்டு, ஒவ்வொன்றும் முப்பத்தைந்து எம்பி. அனுப்பி வைத்தேன்.

மறுநாள் காலையில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து கூப்பிட்டான். "முதல் துண்டுல சுத்தமா ஒட்டுதுங்ணா. கடைசித் துண்டுல 1.3 செகண்ட் தள்ளிருக்கு. உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல. ரெண்டு மெஷினும் ஒரே நேரத்தை எண்ணல, அவ்ளோதான்." ஒவ்வொரு ரெக்கார்டருக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது, அந்தத் துடிப்பை வைத்துத்தான் அது செகண்டுக்கு 48,000 முறை சத்தத்தை அளக்கிறது என்று விளக்கினான். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ரெண்டு கைக்கடிகாரம்கூட மாசக் கடைசியில் ஒன்றுக்கொன்று நாலைந்து செகண்டாவது தள்ளிக் காட்டும் இல்லையா, அதேதான் இது. ஒரு ரெக்கார்டரின் 48,000, இன்னொன்றுக்கு 48,002 ஆக இருக்கலாம். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்பது இந்த மாதிரி கருவிகளில் சகஜம். ஏழரை மணி நேரம் என்றால் 27,000 செகண்ட். அதில் 1.3 செகண்ட் என்றால் பத்து லட்சத்துக்கு நாற்பத்தெட்டு. கணக்கு அப்படியே பொருந்தியது.

அதே கணக்கை நாலு நிமிஷப் பாட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 240 செகண்டில் ஒரு செகண்டின் நூறில் ஒரு பங்கு. எந்தக் காதுக்கும் தெரியாது. அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சினிமா ப்ரோகிராமருக்கோ, கீபோர்டுக்காரருக்கோ, வகுப்பெடுத்தவருக்கோ இந்தச் சிக்கல் வாழ்க்கையில் வந்தே இருக்காது. அவர்கள் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரே இன்டர்ஃபேஸ் பெட்டியில், ஒரே கடிகாரத்தில், நாலு நிமிஷத்துக்குப் பதிகிறவர்கள். அவர்களுடைய அறிவுரை எல்லாமே அந்த வேலைக்குள் சரி. நான் பார்த்த வீடியோக்களும் அந்த வேலைக்காக எடுத்தவை. எட்டு மணி நேரம் திறந்தவெளியில் க்ளிக் இல்லாமல் நடக்கும் ஒன்றை மனதில் வைத்து அவை செய்யப்படவில்லை. தம்பிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பண்டிகைக்கு ராத்திரி முழுக்கப் பம்பை அடித்ததை ரெண்டு போனில் பதிந்து சேர்க்கப்போய் அவனும் இதே சுவரில் முட்டியிருக்கிறான். நம் ஊர் வேலையை நம் ஊரில் செய்து பார்த்தவனிடம்தான் அந்தக் கேள்வி இருந்தது.

சரிசெய்யும் வழியையும் அவனே சொன்னான், அவசரமில்லாமல், நான் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும்வரை லைனில் இருந்து. துண்டுகளை ஒட்டி, ட்ராக்கில் ஒரே ஐட்டமாக, அதாவது ஒரே நீளத் துண்டாக, ஆக்க வேண்டும். தொடக்கத்தில் ஜால்ரா ஊசியை ஒட்டி வைக்க வேண்டும். பிறகு நேராகக் கடைசிக்குப் போய், மங்களத்தில் வரும் ஓர் அடியைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சு ட்ராக்கின் ஓரத்தை ஆல்ட் அழுத்திக்கொண்டு இழுத்தால் ஐட்டம் முழுக்கச் சீராகச் சுருங்கும். கடைசி அடியும் ஒட்டியதும் நடுவில் நாலைந்து இடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். "ஐட்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல ப்ரிசர்வ் பிட்ச்னு ஒரு டிக் இருக்கும் பாருங்ணா, அதை எடுத்துடுங்க" என்றான். சுருதி மாறிவிடாதா என்று பயந்தேன். ஒரு அரைக்கட்டை வித்தியாசத்தை நூறாகப் பிரித்து, அதில் ஒன்றைப் பத்தாகப் பிரித்தால் வருவதற்கும் குறைவாகத்தான் மாறும், அந்த டிக்கை விட்டுவைத்தால்தான் மென்பொருள் சத்தத்தை வெட்டி ஒட்டித் தாளத்தின் முனையை மழுங்கடிக்கும் என்று விளக்கினான். டிக்கை எடுத்துவிட்டுக் கேட்டேன். பொன்னுருவி அழ, மிருதங்கம் அவள் சொல்லோடு சேர்ந்து விழுந்தது. கடையில் ஜெராக்ஸுக்கு ஆள் நின்றதுகூடத் தெரியாமல் அந்த இருபது நிமிஷத்தையும் கேட்டு முடித்தேன்.

அதோடு அவன் போனை வைத்துவிடவில்லை. "இதை யார் கேக்கப் போறாங்க?" என்று கேட்டான். பாடம் செய்யும் பையன்கள் என்றேன். "அப்ப எக்கோ, ரிவர்ப் ஒன்னும் போடாதீங்க. சொல்லு தெளிவா கேக்கணும். பாட்டு பாட்டா வெட்டி, ஒவ்வொன்னுக்கும் முன்னாடி வர்ற வசனத்தோட கடைசி வரியையும் சேத்து வைங்க, அப்பதான் எங்க எடுக்கணும்னு தெரியும். வாத்தியாரு எத்தனை கட்டைல பாடுறாரு?" அஞ்சரை என்றேன். "அதை ஃபைல் பேர்லயே போட்டுடுங்க. அஞ்சரைன்னா ஜி ஷார்ப். கீபோர்டு ஆப் வெச்சிருக்கிற பசங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் புரியும்." மென்பொருளைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் நான் கேட்டு வாங்கிய உதவிகளிலேயே ரொம்பப் பயன்பட்டது இதுதான்.

க்ராக் போட்டவன் யாரிடம் கேட்பான்

அந்த ரெக்கார்டிங் கைமாறிப் போனதில், என்னிடமும் சந்தேகம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சர்ச் பாடல் குழுவுக்குப் பதிகிறவர், காவேரிப்பட்டணத்தில் கல்யாணக் கச்சேரி நடத்துகிறவர், கானா பாடும் காலேஜ் பசங்கள். இவர்களிடம் நான் கவனித்த ஒரு விஷயத்தைத் திறந்து எழுத வேண்டும். பெரும்பாலானோர் லேப்டாப்பில் இருப்பது, காசு கட்டாமல் பூட்டை உடைத்து ஓட்டும், க்ராக் செய்த மென்பொருள். அது சட்டப்படி தப்பு என்பது எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. க்ராக் அவர்களுடைய வாயைக் கட்டிப்போடுகிறது, அதுதான் என் கவலை. தயாரித்த நிறுவனத்திடம் உதவி கேட்க லைசென்ஸ் எண் வேண்டும். தெரிந்தவரிடம் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயம். அப்டேட் போட முடியாது, போட்டால் திறக்காது. மென்பொருள் திடீரென்று மூடிக்கொண்டால் அது விண்டோஸ் கோளாறா, ப்ளக்இன் கோளாறா, க்ராக் செய்தவன் உள்ளே வைத்த வேலையா என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. திறமை இருந்தும் ஒரே இடத்தில் நின்றுவிட்ட பசங்களைப் பார்க்கும்போது மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. ரீப்பர், வினாம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் நிறுவனத்தது. 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கும் சின்ன வருமானக்காரர்களுக்கும் லைசென்ஸ் 60 டாலர், நம் காசில் ஐயாயிரத்துச் சொச்சம். ஒரு கச்சேரிக்குக் கிடைக்கும் பணத்தில் அடங்கிவிடும். எஃப்.எல். ஸ்டுடியோதான் கைப்பழக்கம் என்றால் அதையே காசு சேர்த்து வாங்குங்கள், ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் அப்டேட் இலவசம். அதன் ட்ரையலில் சேமித்த ப்ராஜெக்டை வாங்கும்வரை திரும்பத் திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குரலை வெட்டி ஒட்டுவதோடு வேலை முடிகிறவர்களுக்கு ஆடாசிட்டி போதும், அது 2000 முதல் இலவசமாகவே கிடைக்கிறது.

மவுஸைத் தொடாமல்

பாலக்கோட்டுப் பையன் ஒருவன் இந்தக் கூச்சத்தாலேயே மாசக்கணக்கில் ஒரு சிக்கலோடு போராடியிருக்கிறான். பாடும்போது ஹெட்போனில் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது, அதனால் தாளம் நழுவுகிறது. மைக் மோசம் என்று நினைத்து வேறு மைக் வாங்கியிருக்கிறான். அதுவும் அப்படியே. போனில் விளக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போனேன்.

போகும்போதே ஒரு முடிவோடு போனேன், அவன் மவுஸை நான் தொடுவதில்லை என்று. உதவி செய்ய வருகிறவர் மவுஸைப் பிடுங்கி, கண்மூடித் திறப்பதற்குள் நாலு விண்டோவைத் திறந்து மூடி, "அவ்ளோதான், சரியாயிடுச்சு" என்று எழுந்து போவதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். சரியாகிவிடும், உண்மைதான். அடுத்த வாரம் விண்டோஸ் அப்டேட் வந்து மாற்றிவிட்டால் அந்தப் பையன் மறுபடி அவரைத் தேடித்தான் போக வேண்டும். அதனால் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "ஆடியோ செட்டிங்ஸைத் திற, என்ன எழுதியிருக்குன்னு படி" என்று மட்டும் சொன்னேன். இன்டர்ஃபேஸுக்கான சொந்த டிரைவரை அவன் போடவே இல்லை, விண்டோஸின் பொது டிரைவரில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தேடி இறக்கிப் போட வைத்தேன். பிறகு பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் சத்த அளவுகளின் எண்ணிக்கையை, படிக்கச் சொன்னேன், 1024 என்று இருந்தது. "48,000-ல 1024ஐ வகு" என்றேன். செல்போனில் போட்டுப் பார்த்து, "0.021" என்றான். அதாவது குரல் உள்ளே வர 21 மில்லி செகண்டு, திரும்ப வெளியே போக இன்னொரு 21. "இப்ப 128 வெச்சு வகுத்துப் பாரு." அவனே மாற்றினான், அவனே பாடினான். ரெண்டு வரி பாடியதும் திரும்பி என்னைப் பார்த்து, "ண்ணா, இப்ப என் குரல் எங்கிட்டயே இருக்குண்ணா" என்றான்.

பதிந்து முடித்து மிக்சிங்குக்கு வரும்போது பஃபரை மறுபடி ஏற்றிவிடலாம், இல்லாவிட்டால் ப்ளக்இன் கூடக் கூட லேப்டாப் திணறி டிக் டிக்கென்று சத்தம் போடும் என்பதையும், இன்டர்ஃபேஸில் இருக்கும் டைரக்ட் மானிட்டர் திருகைப் பயன்படுத்தினால் கம்ப்யூட்டருக்குள் போய் வராமலே குரலைக் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். இந்த விவரமெல்லாம் மேனுவலில் இருக்கிறது. ரீப்பர் மேனுவல் நானூறு பக்கத்துக்குமேல், அத்தனையும் ஆங்கிலம். எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிவதற்கு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, என்ன கேட்கிறது என்று அவரும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாலக்கோட்டுப் பையன் போன வாரம் தன் கூட்டாளி ஒருவனுக்கு இதே வகுத்தலைச் செய்ய வைத்ததாக மெசேஜ் போட்டிருந்தான்.

என்னிடமும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. பெஞ்சு ரெக்கார்டரில் முகவீணை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ரெண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவில், அதாவது அலைவரிசைவாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் கருவியில், குறைத்தால் முகவீணையின் கூர்மை அடங்குகிறது, ஆனால் ஜால்ராவும் வாத்தியார் சொல்லின் முனையும் சேர்ந்து மங்கிப்போகின்றன. ஸ்டாண்டை மிருதங்கக்காரர் பக்கம் நகர்த்தினால் ஆர்மோனியம் காணாமல் போகிறது. முகவீணைக்காரரைத் தள்ளி உட்காரச் சொல்ல முடியாது, அவர் பின்பாட்டுக்காரர் வாயைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். திறந்தவெளியில் முகவீணையையோ நாதஸ்வரத்தையோ மற்ற வாத்தியங்களோடு சேர்த்து, ஒரே ஸ்டீரியோ மைக்கில் பதிந்தவர்கள் யாராவது இருந்தால், மைக்கை எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் திருப்பி வைத்தீர்கள் என்று எழுதுங்கள். ரெண்டு நிமிஷத் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன், கேட்டால் உடனே அனுப்புகிறேன். பங்குனியில் அடுத்த பாரதம் தொடங்குகிறது, அதற்குள் பெஞ்சு பக்கத்தைச் சரிசெய்துவிட வேண்டும்.